கோடட் சிலாஜிசம்: வட்டமா, விதியா, குறியீடா, பின்னோக்கா?

"சாதா சிலாஜிசம் போட வருகிறது. அதையே @, #, $ வைத்துக் கொடுத்தால் தப்பாகிறது. ஒரு வகுப்பில் வட்டம் போடு என்கிறார்கள், இன்னொரு வகுப்பில் ஃபார்முலாவை மனப்பாடம் செய் என்கிறார்கள். எதைப் பிடிப்பது?" வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. சிலாஜிசம் என்பது, கொடுத்த கூற்றுகளை உண்மை என்று வைத்துக்கொண்டு எந்த முடிவு வரும் என்று கேட்கும் கேள்வி. 'எல்லாம்', 'சில' போன்ற சொற்களுக்குப் பதில் குறியீடு போட்டுக் கொடுத்தால் அது கோடட் சிலாஜிசம். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து படிப்பவருக்கும், மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் சனி ஞாயிறு மட்டும் மதுரைக்கு வகுப்புக்கு வந்து போகிறவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால் நான்கு வழிகளையும் ஒரே கேள்வியில் போட்டுப் பார்த்துவிட்டு, யாருக்கு எது என்று சொல்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குறியீடு போட்டதால் தர்க்கம் கடினமாவதில்லை. கூடுவது ஒரு மொழிபெயர்ப்பு வேலை மட்டும். பெரும்பாலான மார்க் அந்த மொழிபெயர்ப்பில்தான் போகிறது. ஆகவே எந்த வழி குறியீட்டுப் பெட்டியை (எந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்று கேள்வியோடு வரும் பட்டியலை) மிகக் குறைந்த முறை திரும்பிப் பார்க்க வைக்கிறதோ, அந்த வழிக்கே இங்கே முதல் மதிப்பு.

## கட்டுரை முழுக்கப் பயன்படும் குறியீடு

| குறியீடு | பொருள் | சுருக்கெழுத்து |
|---|---|---|
| ப @ ம | ப எல்லாமே ம | ஏ |
| ப # ம | ப எதுவும் ம இல்லை | ஈ |
| ப $ ம | சில ப, ம | ஐ |
| ப % ம | சில ப, ம இல்லை | ஓ |
| ப & ம | ப மட்டுமே ம | திருப்பிப் போட்ட ஏ |
| ப + ம | ஒரு சில ப மட்டுமே ம | ஐ, ஓ இரண்டும் |

ஏ, ஈ, ஐ, ஓ என்ற பெயர்கள் பழைய ஐரோப்பிய தர்க்கப் பாடத்தில் இருந்து வந்தவை. 'ஆம் என்கிறேன்', 'இல்லை என்கிறேன்' என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்களின் உயிரெழுத்துகள் அவை. நமக்கு அவை வசதியாக ஓரெழுத்தில் அடங்கிவிடுகின்றன.

கேள்வி 1. கூற்றுகள்: க @ ச, ச # ட, ட $ த.
முடிவுகள்: (1) க # ட (2) த % க (3) க $ த (4) த # க.

கேள்வி 2. கூற்றுகள்: ப & ம, ம + ய.
முடிவுகள்: (1) ப $ ய (2) ப % ய (3) ம எல்லாமே ய ஆகலாம் (4) ய எல்லாமே ப ஆகலாம்.

மேலே படிப்பதற்கு முன் இரண்டையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். உங்கள் கை தானாக எந்த வழிக்குப் போகிறது என்பதே பாதி பதில்.

## எதை வைத்து அளக்கிறோம்

நேரம். வங்கிகளுக்கு ஆளெடுக்கும் ஐபிபிஎஸ் நடத்தும் எழுத்தர் தேர்வின் பிரிலிம்ஸில் ரீசனிங் 35 கேள்வி, அதற்குத் தனியாக 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 34 விநாடி வருகிறது. பசில் என்ற புதிர்க் கேள்விகள் அதற்கு மேல் தின்னும் என்பதால் சிலாஜிசத்தை 30 விநாடிக்குள் முடித்தால்தான் கணக்குச் சரிவரும். கிராம வங்கி அலுவலக உதவியாளர் தேர்வில் 80 கேள்வி, 45 நிமிடம். அங்கேயும் நெருக்கடி இதே அளவுதான்.

பெட்டியைப் பார்க்கும் தடவை. கேள்வி திரையில் இருக்கும், ரஃப் ஷீட் மேசையில் இருக்கும். ஒவ்வொரு முறை கண் மேலே போய்க் கீழே வரும்போதும் @ இருந்த இடத்தில் & எழுதிவிடும் வாய்ப்பு உண்டு.

தவறினால் எப்படித் தவறும். தவறு கண்ணுக்குத் தெரிகிறதா, தெரியாமலே போகிறதா என்பது முக்கியம். தப்பான விடைக்கு கால் மார்க் குறையும் தேர்வில், 'சந்தேகமாக இருக்கிறது' என்று உணர்த்தும் வழி, நம்பிக்கையோடு தப்பாகச் சொல்ல வைக்கும் வழியைவிட மேல்.

'ஆகலாம்' முடிவைத் தாங்குமா. உறுதியாக வருமா என்று கேட்காமல், அப்படி இருக்க வாய்ப்பு உண்டா என்று மட்டும் கேட்கும் பாசிபிலிட்டி முடிவுகள் இப்போது சகஜம். இங்கே உடையும் வழியை மட்டும் நம்பி உள்ளே போகக் கூடாது.

கற்கும் செலவு. எத்தனை நாளில் கைக்கு வரும், ஒரு வாரம் விட்டால் மறந்து போகுமா.

## வழி 1: வாக்கியமாக்கி வட்டம் போடுதல்

எல்லோரும் முதலில் கற்பது. குறியீட்டைத் தமிழ் வாக்கியமாக்கி, 'எல்லாம்' என்றால் வட்டத்துக்குள் வட்டம், 'எதுவும் இல்லை' என்றால் தனித்தனி வட்டம், 'சில' என்றால் வெட்டும் வட்டம்.

கேள்வி 1-க்கு ச-வுக்குள் க, தள்ளி ட, ட-வை வெட்டி த. (1) சரி என்பது பார்த்ததும் தெரிகிறது. (2): ட-வுக்குள் இருக்கும் த எப்போதும் க-வுக்கு வெளியேதான். எனவே சரி. (3): த-வின் மற்ற பாதியை இழுத்தால் க-வைத் தொடலாம், இழுக்காமலும் விடலாம். எனவே உறுதியில்லை. (4)-ம் அதே காரணத்தால் உறுதியில்லை. ஆனால் (3), (4) இரண்டில் ஒன்று கட்டாயம் உண்மை. எனவே விடை: 1, 2 சரி, 3 அல்லது 4 சரி.

இந்த வழியின் மறைவான செலவு, நாம் போடும் படம் எது என்பதில் இருக்கிறது. எல்லோரும் இதை வென் படம் என்கிறோம். உண்மையில் நாம் போடுவது 18-ம் நூற்றாண்டுக் கணிதர் ஆய்லர் பயன்படுத்திய வகை வட்டம். ஜான் வென் 1880-ல் முன்வைத்த படத்தில் வட்டங்கள் எல்லாம் முதலிலேயே ஒன்றையொன்று வெட்டியபடி இருக்கும். மூன்று வட்டத்துக்கு, வெளிப்புறத்தையும் சேர்த்து எட்டுப் பகுதி. காலியான பகுதியைக் கறுப்படிப்பார், ஆள் இருக்கும் பகுதியில் குறி போடுவார், தெரியாத பகுதியைச் சும்மா விடுவார். 'தெரியாது' என்பதற்கு அந்தப் படத்தில் இடம் உண்டு. நம் வட்டத்தில் அது இல்லை. நாம் போடுவது பல சாத்தியங்களில் ஒன்றை மட்டும்.

க @ ச, ட @ ச என்று வந்தால் பெரிய வட்டத்துக்குள் இரண்டு சின்ன வட்டத்தைத் தள்ளித் தள்ளிப் போடுவோம். உடனே 'க எதுவும் ட இல்லை' என்று கண் சொல்லிவிடும். அது தப்பு. மாட்டுத்தாவணிக்குள் வரும் டவுன் பஸ்களும் டவுன் பஸ்தான், ஆரப்பாளையத்துக்குள் வரும் டவுன் பஸ்களும் டவுன் பஸ்தான். இரண்டுக்கும் நடுவே ஓடும் பஸ் இரண்டு வட்டத்திலும் இருக்கிறது அல்லவா? தாளில் இடைவெளி இருப்பதால் உலகத்தில் இடைவெளி வந்துவிடாது. படம் அழகாக இருக்கும்போது இந்தத் தவறு கண்ணில் படுவதே இல்லை. அதுதான் இதன் ஆபத்து.

இதற்கு ஒரே மருந்து: கூற்று தடுக்காத இடத்திலெல்லாம் வட்டத்தின் ஓரத்தைப் புள்ளிக்கோடாகப் போடுவது. புள்ளிக்கோடு என்றால் 'இது நகரும்' என்று பொருள். கேள்வி 1-ல் த-வின் வெளிப்பாதி முழுவதும் புள்ளிக்கோடு. இதைப் பழகியவர்களுக்கு 'ஆகலாம்' முடிவு மிக எளிது. நகரும் ஓரத்தை நகர்த்திப் பார்த்தால் போதும்.

வென்னின் அசல் படம் மூன்று பெயர் வரும் கேள்விக்குத் துல்லியமானது. நான்கு பெயர் வந்தால் 16 பகுதி ஆகிவிடும், தேர்வறையில் ஆகாது. வீட்டில் விடையைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.

எப்போது நல்லது: 'ஒரு சில மட்டுமே', 'ஆகலாம்', 'இரண்டில் ஒன்று' வரும் கேள்விகள்.
எப்போது வேண்டாம்: ஐந்து பெயர் கோத்து வரும் நீளமான சங்கிலி.

## வழி 2: எழுத்தாக்கி விதி கோத்தல்

வாக்கியமாக்காமல், ஒரே வரியில் சங்கிலியாக எழுதிவிடுவது. கேள்வி 1 இப்படி ஆகும்:

க –ஏ→ ச –ஈ– ட –ஐ– த

ஏ-க்கும் ஓ-வுக்கும் மட்டும் அம்பு, ஏனென்றால் அவற்றுக்குத்தான் திசை உண்டு. ஈ, ஐ இரண்டையும் எந்தப் பக்கம் இருந்தும் படிக்கலாம். பெட்டியை ஒரே முறை பார்த்தால் போதும். அதன் பிறகு கண் திரைக்குப் போவது முடிவுகளைப் படிக்க மட்டுமே.

கோக்கும் விதிகள் ஆறு:

- ஏ, ஏ சேர்ந்தால் ஏ
- ஏ, ஈ சேர்ந்தால் ஈ
- ஐ, ஏ சேர்ந்தால் ஐ
- ஐ, ஈ சேர்ந்தால் ஓ
- ஈ, ஏ சேர்ந்தால் திருப்பிய ஓ (கடைசிப் பெயரில் தொடங்கும்)
- ஈ, ஐ சேர்ந்தால் திருப்பிய ஓ

வரிசை முக்கியம். ஐ, ஏ சேர்ந்தால் ஐ வரும், ஏ, ஐ சேர்ந்தால் ஒன்றும் வராது. நடுப்பெயர் ஒட்டி வராவிட்டால் கூற்றைத் திருப்ப வேண்டும்: ஏ-யைத் திருப்பினால் ஐ, ஈ-யைத் திருப்பினால் ஈ, ஐ-யைத் திருப்பினால் ஐ, ஓ-வைத் திருப்பவே முடியாது.

கேள்வி 1: ஏ, ஈ சேர்ந்து க–ட நடுவே ஈ. (1) முடிந்தது. அந்த ஈ-யோடு ட–த ஐ சேர்ந்தால் திருப்பிய ஓ, அதாவது 'சில த, க இல்லை'. (2) முடிந்தது. க, த இரண்டுக்கும் நடுவே வேறு எதுவும் வரவில்லை, எனவே (3), (4) தனித்தனியாக வராது, இரண்டில் ஒன்று என்றுதான் வரும். பதினைந்து விநாடி வேலை.

நம் ஊர் வகுப்புக் குறிப்புகளிலும் கடையில் கிடைக்கும் கைடுகளிலும் இருக்கும் பட்டியல் இந்த ஆறோடு நின்று, 'ஓ வந்தால் எதனோடும் சேராது' என்று ஒரு வரி போட்டு முடிந்துவிடுவது உண்டு. அது முழு உண்மை இல்லை. இன்னும் இரண்டு இருக்கின்றன:

- ஏ-யோடு திருப்பிய ஓ: க எல்லாமே ச, சில ட ச இல்லை. எனவே சில ட, க இல்லை.
- திருப்பிய ஓ-வோடு ஏ: சில ச க இல்லை, ச எல்லாமே ட. எனவே சில ட, க இல்லை.

'ஒரு சில மட்டுமே' கேள்விகள் வராத காலத்தில் இவை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. இப்போது தேவை. க @ ச, ட + ச என்று கொடுத்து, ட % க வருமா என்று கேட்டால், ஆறு விதி மட்டும் தெரிந்தவர் ட + ச-வில் உள்ள ஐ-யை மட்டும் எடுத்துத் திருப்பி, 'ஏ, ஐ சேர்ந்தால் ஒன்றுமில்லை' என்று நம்பிக்கையோடு தள்ளிவிடுவார். உண்மையில் அந்த முடிவு வரும். ச-வுக்கு வெளியே நிற்கும் ட, ச-வுக்குள்ளேயே அடங்கிய க-வாக எப்படி இருக்க முடியும்? வட்டம் போட்டவருக்கு இது கண்ணிலேயே தெரிந்திருக்கும். விதிக்காரருக்கு எட்டும் தெரிந்திருக்க வேண்டும், ஆறு போதாது.

இன்னொரு குறை: 'ஆகலாம்' முடிவுக்கு விதி பேசாது. 'உறுதியாக எதுவும் வரவில்லை, எனவே ஆகலாம்' என்று பொதுவாகத் தாண்டிவிடலாம். ஆனால் அதற்கு முன் எதிரான உறுதி ஏதும் வரவில்லையா என்று பார்த்தே ஆக வேண்டும்.

எப்போது நல்லது: நான்கைந்து பெயர் கொண்ட சங்கிலி, உறுதி முடிவுகள் மட்டும் கேட்கும் கேள்வி, முடிவைக் கொடுத்து 'எந்தக் கூற்றுத் தொகுதி பொருந்தும்' என்று தலைகீழாகக் கேட்பது.
எப்போது வேண்டாம்: வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் படிப்பவர். இரண்டு வாரம் விட்டால் வரிசை மறந்து ஏ-ஐ, ஐ-ஏ குழம்பிவிடும்.

## வழி 3: குறியீட்டிலேயே நேராகப் போடுதல்

மொழிபெயர்ப்பே இல்லாமல், @ @ சேர்ந்தால் @, @ # சேர்ந்தால் #, $ @ சேர்ந்தால் $, $ # சேர்ந்தால் % என்று விதியைக் குறியீட்டிலேயே எழுதிவைத்துக்கொண்டு முடிப்பது. மிக வேகமானது. ஒரே பெட்டியின் கீழ் ஐந்து கேள்வி வந்தால் முதல் கேள்விக்குச் செலவிட்ட அரை நிமிடம் அடுத்த நான்கில் திரும்பி வந்துவிடும்.

இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காரணம் நினைவு. குறியீடுகள் ஒவ்வொரு தொகுதியிலும் மாறும். நேற்றுப் போட்ட மாக் டெஸ்டில் @ என்பது 'எல்லாம்', இன்று அது 'சில இல்லை'. நேற்று ஊன்றிப் பழகிய கை இன்று தானாகப் பழையதை எடுக்கும், தவறு நடந்ததே தெரியாது. ஏ, ஈ, ஐ, ஓ மாறுவதே இல்லை, மூளைக்கு அங்கே பிடிமானம் இருக்கிறது. இரண்டு வழிக்கும் இடையே மிச்சமாவது சில விநாடிதான். அந்தச் சில விநாடிக்காக மொத்தத் தொகுதியையும் பணயம் வைக்க வேண்டியதில்லை.

## வழி 4: முடிவிலிருந்து பின்னோக்கிப் போதல்

முடிவை எடுத்து, அதற்கு நேர் எதிரை உண்மை என்று வைத்துக்கொண்டு, கூற்றோடு மோதுகிறதா என்று பார்ப்பது. மோதினால் முடிவு சரி. மோதாவிட்டால் முடிவு வராது. நேர் எதிர்கள் இரண்டே ஜோடி: ஏ-க்கு ஓ, ஈ-க்கு ஐ.

கேள்வி 2-ல் இதன் பலம் தெரியும். முதலில் மொழிபெயர்ப்பு: ப & ம என்றால் 'ப மட்டுமே ம', அதாவது ம எல்லாமே ப. ம + ய என்றால் சில ம ய, சில ம ய இல்லை. (1) எதிர்: 'ப எதுவும் ய இல்லை'. ஆனால் ய-வாக இருக்கும் சில ம, ப-வும்தான். மோதல். எனவே (1) சரி. (2) எதிர்: 'ப எல்லாமே ய'. அப்படியானால் ப-வுக்குள் இருக்கும் ம எல்லாமே ய ஆக வேண்டும், ஆனால் சில ம ய இல்லை. மோதல், (2)-ம் சரி. (3) 'ம எல்லாமே ய ஆகலாம்' என்பது 'சில ம ய இல்லை' என்பதோடு நேராக மோதுகிறது. ஆக முடியாது. (4) 'ய எல்லாமே ப' என்று வைத்துப் பார்த்தால் எதனோடும் மோதவில்லை. ஆகலாம். விடை: 1, 2, 4.

கவனியுங்கள், (3), (4) இரண்டும் 'ஆகலாம்' முடிவுகள். அங்கே எதிரை எடுக்கவில்லை, முடிவையே உண்மை என்று வைத்துப் பார்த்தோம். மோதாவிட்டால் ஆகலாம். உறுதி முடிவுக்கு எதிரை வைப்பது, 'ஆகலாம்' முடிவுக்கு அதையே வைப்பது. இந்த இரண்டும் மாறிப்போவதே இந்த வழியில் நடக்கும் ஒரே பெரிய தப்பு.

இதே கேள்வியில் ப & ம என்பதை அவசரத்தில் 'ப எல்லாமே ம' என்று படித்தவர் கதி என்ன? ஏ, ஐ சேர்ந்தால் ஒன்றுமில்லை, ஏ, ஓ சேர்ந்தாலும் ஒன்றுமில்லை. (1), (2) இரண்டும் விழுந்துவிடும், (4) மட்டும் நிற்கும். ஆப்ஷனில் 'நான்காவது மட்டும்' என்பது தயாராகக் காத்திருக்கும். தர்க்கத்தில் ஒரு பிழையும் செய்யாமல் கால் மார்க்கையும் சேர்த்து இழக்கலாம்.

எப்போது நல்லது: முடிவு இரண்டோ மூன்றோ உள்ள கேள்வி, ஆப்ஷனில் இரண்டு தவிர மற்றவை கழிந்துவிட்ட நிலை, விதியும் வட்டமும் வேறு வேறு விடை சொல்லும்போது தீர்ப்புச் சொல்ல.
எப்போது வேண்டாம்: ஐந்து முடிவு கொண்ட கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி ஆனாலும் நேரம் ஓடிவிடும்.

## நான்கும் பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | வட்டம் | விதி | குறியீட்டிலேயே | பின்னோக்கி |
|---|---|---|---|---|
| பெட்டியைப் பார்ப்பது | கூற்றுக்கு ஒரு முறை, முடிவுக்கு ஒரு முறை | ஒரே முறை, முடிவுக்கு மட்டும் மீண்டும் | தொகுதிக்கு ஒரு முறை | முடிவுக்கு ஒரு முறை |
| பழகிய பின் இலக்கு நேரம் | 40 விநாடி | 25 விநாடி | 20 விநாடி | முடிவுக்கு 10 விநாடி |
| தவறு தெரியுமா | பெரும்பாலும் தெரியாது | விதி விடுபட்டால் தெரியாது | தெரியவே தெரியாது | மோதல் இல்லை என்றால் சந்தேகம் எழும் |
| 'ஆகலாம்' முடிவு | புள்ளிக்கோடு போட்டால் நன்றாக | தனியாகப் பார்க்க வேண்டும் | தாங்காது | மிக நன்றாக |
| நீளச் சங்கிலி | படம் சிக்கும் | மிக நன்றாக | நன்றாக | மெதுவாகும் |
| கைவர ஆகும் காலம் | 3 நாள் | 10 நாள், விடாமல் | 10 நாளோடு தினமும் பயிற்சி | 2 நாள் |

நேர இலக்குகளைத் தாண்டினால் அந்த வழி இன்னும் கைக்குப் படியவில்லை என்று பொருள். வழியைக் குறை சொல்ல வேண்டாம்.

## யார் எதை எடுப்பது

தேர்வுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது, தினமும் உட்கார முடியும் என்றால்: கூற்றுகளை எழுத்தாக்கி விதி (வழி 2), 'ஆகலாம்' வந்த முடிவுக்கு மட்டும் பின்னோக்கி (வழி 4). இந்தக் கூட்டணிக்கு மேல் வேகமும் பாதுகாப்பும் சேர்ந்த வேறு ஏற்பாடு கிடையாது. வட்டத்தை விட்டுவிட வேண்டியதில்லை, 'ஒரு சில மட்டுமே' இரண்டு இடத்தில் வந்தால் ஒரு புள்ளிக்கோட்டுப் படம் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் மட்டும் படிப்பவர் என்றால்: வட்டம், ஆனால் புள்ளிக்கோட்டு வட்டம். விதியை அரைகுறையாகப் படிப்பது வட்டத்தைவிட மோசம். 'சில'விலிருந்து 'சில'வுக்குப் போனாலோ, எதிர்மறையிலிருந்து எதிர்மறைக்குப் போனாலோ எதுவும் வராது என்ற இரண்டை மட்டும் வட்டத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் பல ஆப்ஷனை உடனே கழித்துவிடலாம்.

எஸ்எஸ்சி மட்டும் எழுதுபவர் குறியீட்டு வடிவத்துக்காகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 மட்டும் எழுதுபவருக்கும் அதேதான். திறனறிவில் வரும் 25 கேள்விக்கு வேறு பாடங்கள் முன்னால் நிற்கின்றன. அங்கே தப்புக்கு மார்க் குறைப்பும் இல்லை.

தேர்வுக்கு ஒரு வாரமே இருக்கிறது என்றால் புதிய வழிக்கு மாறவே வேண்டாம். இருக்கும் வழியிலேயே மொழிபெயர்ப்பை மட்டும் வேகப்படுத்துங்கள். மார்க் அங்கேதான் ஒழுகுகிறது.

## எந்த வழியில் போனாலும் விழும் குழிகள்

'மட்டுமே'. 2021 முதல் வங்கி எழுத்தர் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தமிழில் எழுதுபவருக்கு இந்தச் சொல்தான் பெரிய கண்ணி. 'மல்லி மட்டுமே மாலையில் இருக்கிறது' என்றால் மாலையில் இருப்பதெல்லாம் மல்லி. மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட்டில் குவிந்த மல்லியெல்லாம் அந்த மாலைக்குள் வந்துவிடவில்லை. எனவே 'ப மட்டுமே ம' என்றால் அம்பு ம-விலிருந்து ப-வுக்குப் போக வேண்டும். 'ஒரு சில மல்லி மட்டுமே மாலையில் இருக்கிறது' என்றால் கதையே வேறு: சில மல்லி மாலையில், சில மல்லி வெளியே. முன்னால் 'ஒரு சில' இருக்கிறதா என்று பார்க்காமல் 'மட்டுமே'வைத் தொடாதீர்கள்.

திசை மாற்றிய குறியீடு. 'ப @ ம என்றால் ம எல்லாமே ப' என்று பெட்டியிலேயே திருப்பிக் கொடுப்பார்கள். பெட்டியைப் படிக்கும்போதே திருப்பி வரும் குறியீட்டுக்கு ரஃப் ஷீட்டில் ஒரு இடது அம்பு போட்டுவிடுங்கள்.

'எல்லாம்' என்பதிலிருந்து 'சில'. க எல்லாமே ச என்றால் சில ச க என்பது தேர்வில் சரியான முடிவு. நவீனத் தர்க்கத்தில் க என்று ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் என்பதால் இதை ஏற்பதில்லை. வென்னின் அசல் படத்திலும் இது தானாக வராது, க-வுக்குள் ஒரு குறியை நாமே போட வேண்டும். பொறியியல் கல்லூரியில் கணிதத் தர்க்கம் படித்துவிட்டு வருபவர்கள் இங்கே தடுமாறுவது இதனால்தான். தேர்வில் ஒவ்வொரு பெயருக்கும் ஆள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டில் ஒன்று. தனித்தனியாக வராத இரண்டு முடிவுகளைப் பாருங்கள். ஒரே இரண்டு பெயருக்கு ஐ-யும் ஈ-யும் வந்தால் ஜோடி சேரும். பெயர் வரிசை மாறியிருந்தாலும் சேரும், கேள்வி 1-ல் க $ த, த # க சேர்ந்தது போல. ஏ-யும் ஓ-வும் சேரும், ஆனால் பெயர் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும். ஏ-யும் ஈ-யும் சேராது. இரண்டும் ஒருசேரப் பொய்யாகலாம்: சில உள்ளே, சில வெளியே இருந்தால் போயிற்று. 'ஏ, ஈ எதிரெதிராகத் தெரிகிறதே' என்று சேர்ப்பவர்கள் ஏராளம்.

தெரிந்த பெயர்கள். எழுத்துக்குப் பதில் 'சுங்குடி எல்லாமே பேனா' என்று கொடுத்தால், சுங்குடி சேலையாயிற்றே என்று மனம் முரண்டு பிடிக்கும். முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பெயரை மறந்துவிடுங்கள். இரண்டு பெயருக்கு முதலெழுத்து ஒன்றானால் இரண்டாவதற்கு அடிக்கோடு.

## பத்து நாள் பயிற்சி

விதி வழியைத் தேர்ந்தவர்களுக்கு இது. முதல் மூன்று நாள் கேள்வியே போட வேண்டாம். மொழிபெயர்ப்பு மட்டும்: ஒரு குறியீட்டுப் பெட்டி, 20 கூற்று, 60 விநாடி. எழுத்தும் அம்பும் மட்டும் எழுதுங்கள். 20-ல் 19 சரியாக வரும்வரை பெட்டியை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நான்காம் நாள் 12 அட்டை செய்யுங்கள்: கோக்கும் விதி எட்டு, திருப்பும் விதி நான்கு. முன்பக்கம் 'ஐ, ஈ', பின்பக்கம் 'ஓ'. பஸ்ஸில் வரும்போது புரட்டலாம். ஏழாம் நாளிலிருந்து தினம் 15 கேள்வி, கடிகாரம் வைத்து. தப்பான ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'மொ' அல்லது 'த' என்று எழுதுங்கள், மொழிபெயர்ப்புத் தப்பா, தர்க்கத் தப்பா என்று. 'மொ' அதிகம் இருந்தால் முதல் மூன்று நாள் வேலைக்குத் திரும்புங்கள், புதிய கேள்வி வாங்கிப் போட்டுப் பயனில்லை.

கடைசியாகப் போட்டுப் பார்க்க ஒன்று. குறியீடு வேண்டுமென்றே மாற்றப்பட்டிருக்கிறது.

ப # ம: ம எல்லாமே ப. ப @ ம: ப எதுவும் ம இல்லை. ப $ ம: ஒரு சில ப மட்டுமே ம.

கூற்றுகள்: வ # ல, ல @ ர, ந $ வ.

முடிவுகள்: (1) சில வ, ர இல்லை (2) சில ந, ல இல்லை (3) வ எல்லாமே ந ஆகலாம் (4) ர எல்லாமே வ ஆகலாம் (5) ர எதுவும் வ இல்லை.

விடை: 1, 2, 3, 4 சரி, 5 வராது. (2) தப்பாகியிருந்தால் ஏழாவது விதி இன்னும் அட்டையில் ஏறவில்லை. (1) தப்பாகியிருந்தால் பெட்டியின் முதல் வரியை மறுபடி படியுங்கள்.